முறியாத ஒலியில் சொல்லைக் கண்டெடுக்கும் மூளை

பேசும்போது நாம் சொல்லுக்குச் சொல் நிறுத்துவதில்லை. எழுத்தில் விடும் இடைவெளிக்கு ஈடான மௌனம் பேச்சில் பெரும்பாலும் இருப்பதில்லை. மாறாக, ‘பத்து’ என்னும்போது நாக்கு பல்லில் அழுந்தி நிற்கும் கணத்தில், சொல்லின் நடுவிலேயே ஒலி அற்றுப்போகிறது. கோபிசெட்டிபாளையத்து வீடொன்றில் ‘அமத்தா (அம்மாவைப் பெற்ற பாட்டி) வந்துட்டாங்களா’ என்று யாராவது கேட்டால், எட்டு மாதக் குழந்தையின் காதில் விழுவது ஒரே ஒலித்தொடர்தான். அதில் ‘அமத்தா’ தனிச்சொல் என்பதை, பொருளே அறியாத அக்குழந்தை எப்படிக் கண்டுகொள்கிறது?

ஜென்னி சாஃப்ரான், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகியோர் 1996இல் இதற்கு ஒரு விடையை முன்வைத்தனர். மூன்று அசைகள் கொண்ட பொருளற்ற சொற்கள் நான்கை, இடைவெளியோ அழுத்தமோ இல்லாமல் கணினிக் குரலில் கோத்து, எட்டு மாதக் குழந்தைகளுக்கு 2 நிமிடம் மட்டும் ஒலிக்கச் செய்தனர். பிறகு அந்தச் சொற்களையும், ஒரு சொல்லின் கடைசியும் அடுத்த சொல்லின் தொடக்கமும் சேர்ந்த துண்டுகளையும் தனித்தனியே ஒலித்தபோது, குழந்தைகள் அத்துண்டுகளைப் புதியவையாகக் கருதி நெடுநேரம் கவனித்தன. எந்த அசைக்குப் பின் எந்த அசை எத்தனை உறுதியாக வருகிறது என்பதை மூளை தானாகவே கணக்கிட்டிருக்கிறது.

கொங்குப் பேச்சு இந்தக் கணக்குக்கு நல்ல களம் என்றே நான் கருதுகிறேன். ‘அமத்தா’வில் ‘மத்’ வந்தால் அடுத்து ‘தா’ வருவது ஏறக்குறைய உறுதி. அதன் பின் வருவது ‘வந்துட்டாங்க’ என்றோ ‘எங்க’ என்றோ மாறிக்கொண்டே இருக்கும். அப்படி உறுதி தளரும் இடமே சொல்லின் எல்லை. ‘சரிங்க’, ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’ என்று நாள் முழுதும் கேட்கும் ‘ங்க’வுக்கு முன்னால் வருவது மாறுவதால், அதுவும் பிரித்தெடுக்கத்தக்க தனி உறுப்பாகிறது.

இதே பருவத்தில் ஒலிகளைப் பிரித்தறியும் திறனும் வடிவம் மாறுகிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் காட்டியபடி, ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைகள் 6 முதல் 8 மாதங்களில் இந்தியின் த, ட ஒலிகளை வேறுபடுத்தி அறிகின்றன. 10 முதல் 12 மாதங்களுக்குள் பெரும்பாலானவை அத்திறனை இழக்கின்றன. ‘பத்து’, ‘பட்டு’ இரண்டையும் கேட்டு வளரும் நம் குழந்தைகளுக்கு அவ்வேறுபாடு நிலைத்துவிடுகிறது. இடப்பக்க மூளையில் 1861இல் ப்ரோக்கா என்ற மருத்துவரும் 1874இல் வெர்னிக்கே என்ற மருத்துவரும் மொழிக்குரியவை எனச் சுட்டிய பகுதிகளை இணைக்கும் நரம்பிழைக் கட்டு, பிறந்த பின்னும் பல ஆண்டுகள் முதிர்ந்துகொண்டிருக்கிறது.

ஆனால் ஒலி காதில் விழுந்தால் மட்டும் போதாது. பாட்ரீசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் சீனமொழி பேசுபவரோடு நேரில் 12 முறை பழகி அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றன. அதே பேச்சைக் காணொளியில் கண்ட குழந்தைகள் கற்கவில்லை. எனவே, கைபேசியைக் கையில் கொடுப்பது மடியில் வைத்துப் பேசுவதற்கு மாற்றாகாது.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் நெசவாளர் குடும்பங்களும், திருப்பூரில் வாழும் இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர் குடும்பங்களும் கொங்கு நாட்டில் பல உண்டு. இரு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும் என்று அவர்களிடம் சொல்வது தவறு. தாள நடையில் வேறுபட்ட மொழிகளைப் பிறந்த சில நாள்களிலேயே குழந்தை பிரித்துணர்கிறது. பின்னாளில் ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாகத் தோன்றினாலும், இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிக் குழந்தைக்கு அது பின்தங்குவதில்லை.