பேட்டரி இல்லாமல் உடலை அளக்கும் உணரிகள்

உடலுக்குள் வைக்கப்படும் மின்னணுக் கருவிகளில் பெரும்பாலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதும், மற்ற பாகங்களுக்கு முன்பே ஓய்ந்துவிடுவதும் பேட்டரிதான். பேஸ்மேக்கரின் பேட்டரி தீரும்போது கருவியை மாற்ற மீண்டும் ஓர் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. இதயத்தைத் தூண்டும் கருவிக்குத் தன்னிடமே ஆற்றல் இருந்தாக வேண்டும். அழுத்தத்தை அவ்வப்போது அளந்து சொல்வது மட்டுமே வேலையென்றால், அளக்கும் நேரத்தில் ஆற்றலை வெளியிலிருந்து அனுப்பினால் போதும்.

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. வெளியிலுள்ள படிப்பான் கருவியின் சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது, அதைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உருவாகிறது. அந்தப் புலத்துக்குள் இருக்கும் இன்னொரு சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஜிகாஹெர்ட்ஸ் அலைகளை உடலின் நீர் வெகுவாக உறிஞ்சிவிடும். சில பத்து மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலமோ தோலையும் தசையையும் அதிக இழப்பின்றிக் கடந்துவிடும்.

இவ்வகை உணரிகளில் மிக எளியதில் சில்லுகூடக் கிடையாது. ஒரு சுருளும், இரு தகடுகளுக்கிடையே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த சுற்று, அவ்வளவே. மின்தேக்கியின் தகடுகளில் ஒன்று வளையக்கூடிய மெல்லிய சவ்வின் மேல் இருக்கும். இரத்த அழுத்தம் உயர்ந்தால் சவ்வு உள்வாங்கும். தகடுகளின் இடைவெளி குறைந்து மின்தேக்குதிறன் கூடும். அது 2 சதவீதம் கூடினால் சுற்றின் ஒத்ததிர்வு அதிர்வெண், அதாவது சுற்று மிக வலுவாக அதிரும் அதிர்வெண், ஏறத்தாழ 1 சதவீதம் இறங்கும். படிப்பான் அந்த அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து அழுத்தமாகக் கணக்கிடுகிறது. இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் அதிர்வெண்ணை நம்பியிருப்பதில்தான் இருக்கிறது என்பேன். நோயாளி சற்றே புரண்டு படுத்தாலும் திரும்பி வரும் குறிகையின் வலிமை மாறிவிடும். ஆனால், தந்தியை மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் சுருதி மாறாததுபோல, ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-இல் ஒப்புதல் அளித்த கார்டியோமெம்ஸ் இத்தகைய உணரிதான். சுமார் 15 மில்லிமீட்டர் நீளமுள்ள இதனை, வடிகுழாய் வழியாக நுரையீரல் தமனியின் கிளையொன்றில் வைத்துவிடுகிறார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர், ஆன்டெனா பொதிந்த தலையணையில் முதுகு படியச் சிறிது நேரம் படுத்தால், அன்றைய அழுத்தம் மருத்துவரைச் சென்றடையும். மூச்சிரைப்பும் கால்வீக்கமும் தெரிவதற்குப் பல நாட்கள் முன்பே அந்த அழுத்தம் ஏறத் தொடங்குவதால், மருந்தின் அளவை முன்கூட்டியே மாற்ற முடிகிறது.

சற்றுச் சிக்கலான வேலைகளுக்குச் சில்லு வேண்டும். கைபேசிகளிலுள்ள என்எஃப்சி என்ற குறுந்தூரக் கம்பியில்லா நுட்பத்தின் 13.56 மெகாஹெர்ட்ஸ் புலம் சில்லை இயக்கும். சில்லு தனக்கென அலை எதையும் உண்டாக்காமல், தன் சுருளின் மின்சுமையை மாற்றி மாற்றி அமைக்க, அந்தச் சிறு மாறுதல்கள் படிப்பானின் சுருளில் தகவலாகத் தெரியும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தீவிர சிகிச்சையிலுள்ள பச்சிளங்குழந்தைகளின் மார்பிலும் பாதத்திலும் இத்தகைய மெல்லிய ஒட்டுப்பட்டைகளைப் பொருத்தினார்கள். கம்பிகள் இல்லாததால் தாய் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ள முடிந்தது. உரிக்கும்போது தோலைப் புண்ணாக்கும் வலுவான பசையும் தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. சுருளிலிருந்து விலக விலகக் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கேற்ப நலிவதால், படிப்பான் அருகிலேயே இருந்தாக வேண்டும். அது விலகியதும் உணரி அணைந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் நிகழ்வது பதிவாகாது. இரவெல்லாம் அளக்கப் படுக்கைக்கு அடியில் ஆன்டெனா வைக்கலாம், ஆனால் நடமாடுபவருக்கு அது உதவாது. பேட்டரி இல்லையென்பதால் ஆயுள் முடிவற்றது என்றும் சொல்ல முடியாது: குளுக்கோஸ் போன்றவற்றை அளக்கும் உணரிகளில் வினைபுரியும் நொதி, மின்சாரம் எங்கிருந்து வந்தாலும், நாளடைவில் செயலிழந்துவிடும்.