கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

கம்பெனிகள் கழித்துவிடும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் மாதிரியான ஆபீஸ் சிஸ்டங்களை மலிவாக வாங்கி, ஒரு கிராபிக்ஸ் கார்டு மாட்டி கேம் ஆடுவது கல்லூரி மாணவர்களிடம் இப்போது சாதாரணம். யோசனையில் தப்பில்லை. ஆனால் யூடியூப் பார்த்து முதலில் கார்டை முடிவு செய்துவிடுகிறார்கள். அது தங்கள் சிஸ்டத்துக்குச் சேருமா என்ற கேள்வி பணம் கட்டிய பிறகுதான் வருகிறது. சர்வீஸுக்கு வருவதில் கார்டு கெட்டுப்போன கேஸ் குறைவு. சேராத கார்டை மாட்டிய கேஸ்தான் அதிகம்.

முதலில் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 450 வாட், 500 வாட் எல்லாம் கணக்கில் வராது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12 x 14 = 168 வாட். ப்ராசஸர், கார்டு இரண்டும் அதற்குள்தான் அடங்க வேண்டும். மலிவு கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் லட்சணம் பெரும்பாலும் இதுதான்.

பிராண்டட் ஆபீஸ் சிஸ்டத்தின் சிக்கல் வேறு. அதன் எஸ்எம்பிஎஸ் தரமானது, ஆனால் அளவு சிறியது. ஆப்டிப்ளெக்ஸ் 7010-இன் சின்ன கேபினெட் மாடலில் இருப்பது 240 வாட்தான். கார்டுக்கென்று தனியாக மின்சாரம் தரும் 6 பின் வயரே கிடையாது. மாற்றிவிடலாம் என்றால் வழக்கமான எஸ்எம்பிஎஸ் உள்ளே உட்காராது. அடுத்து வந்த 9020-இல் மதர்போர்டுக்கு வழக்கமான 24 பின் இல்லை, டெல்லின் சொந்த 8 பின். கன்வெர்ட்டர் வயர் தேட வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஆன்லைனில் நூறு இருநூறுக்குக் கிடைக்கும் சாட்டா-டு-6 பின் கன்வெர்ட்டர், அதாவது ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா வயரைக் கார்டுக்கு மாற்றித் தரும் வயர், உள்ளே நுழைகிறது. தயவுசெய்து வேண்டாம். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் மூலம் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். கேம் ஆடாமல் சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. கேம் ஓட ஆரம்பித்ததும் பின் சூடாகி, கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி, இளகி, கடைசியில் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் பின்னோடு பெயர்ந்து வரும். கூடவே ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டால் படித்த பாடம், எடுத்த போட்டோ எல்லாம் போச்சு.

எனவே இந்த மாதிரி சிஸ்டத்துக்கு, மதர்போர்டில் கார்டு சொருகும் ஸ்லாட்டிலிருந்தே முழு மின்சாரமும் எடுக்கும் கார்டுதான் சரி. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் அடங்குபவை ஜிடிஎக்ஸ் 1650 (75 வாட்), ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல் (70 வாட்), ஆர்எக்ஸ் 6400 (53 வாட்). 1650-இலேயே ஓவர்க்ளாக் செய்த (வேகம் கூட்டிய) சில மாடல்களில் 6 பின் இருக்கும்; படத்தை அல்ல, கார்டின் ஓரத்தைப் பாருங்கள். சின்ன கேபினெட் என்றால் உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் கார்டுதான் நுழையும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கார்டைக் கேபினெட்டோடு திருகும் குட்டை பிராக்கெட்டையும் (தகடு) கேட்டு வாங்குங்கள். அதைத்தான் முதலில் தொலைத்திருப்பார்கள்.

3050 என்று பொதுவாகச் சொல்லி விற்பவர்களிடம் ஜாக்கிரதை. 2022-இல் வந்த 8 ஜிபி மாடலில் 2560 கோர், 128 பிட் மெமரி, 130 வாட். 2024-இல் வந்த 6 ஜிபி மாடலில் 2304 கோர், 96 பிட், 70 வாட். பெயர் ஒன்று, கார்டு வேறு. 240 வாட் ஆபீஸ் சிஸ்டத்துக்கு 6 ஜிபிதான் பொருத்தம். நல்ல எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர் அதையே 8 ஜிபி மாடல் என்று நினைத்து வாங்கினால் நஷ்டம்.

ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் இன்னொரு வில்லங்கம். ஸ்லாட் நீளமாக இருந்தாலும் இவை பயன்படுத்துவது நாலே லேன் (டேட்டா போகும் பாதை). மெமரியும் 4 ஜிபி. கேம் அதைத் தாண்டும்போது மீதி டேட்டா ஸ்லாட் வழியாக ராமிலிருந்து வந்து போகும். ஸ்லாட்டின் தலைமுறை பிசிஐஇ 4.0 என்றிருக்கும் போர்டில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும் இடத்தில் 3.0 போர்டில் 4 ஜிபிதான். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) சராசரி பரவாயில்லை, ஆனால் திடீர் திடீரென்று நின்று நின்று ஓடுகிறது என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம். இன்டெலில் 10-ஆம் தலைமுறை வரை 3.0தான். ஏஎம்டி ப்ராசஸருக்கான பி550 போர்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ரைசன் 5600ஜி போட்டிருந்தால் அங்கேயும் 3.0தான்.

சாதாரண கேபினெட், நல்ல கம்பெனியின் 450 வாட் எஸ்எம்பிஎஸ், அதில் கார்டுக்கான 8 பின் வயர் எல்லாம் இருந்தால் எங்கள் சிபாரிசு ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட், எட்டு லேன். 1080பி-க்கு இதற்குக் கீழே இறங்கி மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. இன்டெல் ஆர்க் கார்டுகளும் நல்லவையே, ஆனால் போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே மூச்சில் அணுகும் வசதி) இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். வேகம் பாதாளத்துக்கு இறங்கிவிடும்.

கார்டே தேவையில்லாத கேஸும் உண்டு. இப்போதே ஏதோ ஒரு கார்டு இருந்தால், கேமின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டு போதவில்லை. அப்படியே நின்றால் ப்ராசஸர்தான் திணறுகிறது. புதுக் கார்டு போட்டும் பயனில்லை. ராம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் முதலில் அதே அளவில் இன்னொன்று போடுங்கள், செலவு குறைவு. ஐ5 3470 மாதிரி 3-ஆம் தலைமுறை ப்ராசஸரில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை. அதைக் கட்டாயமாகக் கேட்கும் கேம்கள் எந்தக் கார்டு போட்டாலும் திறக்காது.

செகண்ட் ஹேண்ட், இறக்குமதி கார்டுகளில் போலி நிறைய. பழைய ஜிடிஎஸ் 450 சிப்பின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றி 1050 டிஐ என்று விற்பது பழைய தந்திரம். விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும், எனவே டிவைஸ் மேனேஜரைக் காட்டி நம்பச் சொன்னால் நம்பாதீர்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டுங்கள், போலி என்றால் பெயருக்கு முன்னாலேயே சொல்லிவிடும். 1050 டிஐ-யில் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தாலே சந்தேகப்படலாம், அந்தத் தலைமுறை சிப்பில் அனலாக் வெளியீடே இல்லை. ஆர்எக்ஸ் 580 வாங்கினால் அதில் ஷேடர் (கோர்) எண்ணிக்கை 2304 இருக்க வேண்டும். 2048 என்றிருந்தால் அது பெயர் மாற்றிய 570. அசல் என்றாலும் 1050 டிஐ, 1060 எல்லாம் இனி வேண்டாம்: அந்தத் தலைமுறைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 வரை வரும்.

பணம் கொடுக்கும் முன் கார்டுக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க்கை 15 நிமிடமாவது ஓடவிட்டு, ஹாட்ஸ்பாட் (சிப்பில் அதிகம் சூடாகும் இடம்) வெப்பம் எங்கே போய் நிற்கிறது, திரையில் புள்ளிகள் வருகின்றனவா என்று பாருங்கள். விற்பவர் ஏசி அறையில் காட்டினால், மே மாதம் உங்கள் அறை எப்படி இருக்கும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு மானிட்டர் வயரைக் கார்டில் சொருகுங்கள். மதர்போர்டிலேயே விட்டுவிட்டு கார்டு வேலை செய்யவில்லை என்று தூக்கிக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய போர்டில் திரை கருப்பாகவே நின்றால் மதர்போர்டின் பயாஸை அப்டேட் செய்து பாருங்கள். என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறினால் பழைய டிரைவரை சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளைப் போட்டுத் துடைத்துவிடுங்கள்.

யுபிஎஸ்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது மொத்த லோடு அதைத் தாண்டியிருந்து கரண்ட் போனால் ஓவர்லோடு ஆகி சிஸ்டத்தோடு சேர்ந்து அதுவும் அணையும். பழி மட்டும் புதுக் கார்டின் மேல் விழும்.