மழை முடிந்ததும் பிடிக்காத மோட்டார்: எத்தனால் பெட்ரோலுக்குள் நடப்பது என்ன?

போடிமெட்டுக்கு மேலும் கம்பம்மெட்டுக்கு மேலும் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் மழைக்காலம் ஓய்ந்ததும் ஒரே புகார்தான். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் மோட்டார் பிடிப்பதில்லை. பிடித்தாலும் சோக்கை விட்டதும் அணைந்துவிடுகிறது. பழி பெட்ரோலில் கலந்த எத்தனால் என்ற ஆல்கஹால் மீது விழுகிறது. அதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் பல எஞ்சின்களைக் காப்பாற்றிவிடலாம்.

நாடு முழுவதும் 10 சதவீதக் கலப்பு 2022-இல் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-26-க்கு முன்தள்ளி, 2025-இலேயே எட்டியும்விட்டார்கள். விலை குறைவு என்று தேனிப் பக்கம் நிரப்பிக்கொண்டு ஏறினாலும், மேலே கேரளத்தின் நெடுங்கண்டத்தில் நிரப்பினாலும் டேங்கில் விழுவது இந்தக் கலவைதான்.

காரைப் பற்றிய கவலையை முதலில் முடித்துவிடுவோம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே 20 சதவீதக் கலவையில், கலப்பில்லாத பெட்ரோலைவிட ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறைவு. மைலேஜ் சற்றுக் குறையும் என்பது உண்மை. எத்தனாலின் உயர்ந்த ஆக்டேன் எண்ணை (எரிபொருள் நேரத்துக்கு முன் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) பயன்படுத்திக்கொள்ளும்படி வடிவமைத்த புதிய எஞ்சின்கள் அந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டுவிடும்.

காற்றின் கணக்குதான் அடுத்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ. புதிய கார்களில் புகைக்குழாயில் ஒரு ஆக்சிஜன் உணரி இருக்கிறது. காற்று மிகுந்துவிட்டதை அது சொன்னதும் கணினி எரிபொருளைக் கூட்டிவிடும். மருந்தடிக்கும் மோட்டாரிலும் மரம் அறுக்கும் ரம்பத்திலும் இருப்பது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். அதில் பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை மாறாது. எனவே கலப்பில்லாத பெட்ரோலுக்கென்று அமைத்த எஞ்சினில் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவை ஏறக்குறைய 8 சதவீதம் மெலிந்துவிடும், அதாவது காற்றுக்குத் தேவையான எரிபொருள் அந்த அளவு குறையும். மெலிந்த கலவையில் எஞ்சின் தடுமாறும், சூடேறும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது அதிக ஆபத்து. பெட்ரோலோடு வரும் எண்ணெய்தான் அதன் பிஸ்டனுக்கு ஒரே காவல். பல சிறு எஞ்சின்களின் கையேடுகள் 10 சதவீதக் கலப்பு வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் விவாதம் முழுக்கக் காரைச் சுற்றியே நடப்பதும், இந்தச் சிறு எஞ்சின்களை வைத்துப் பிழைப்பவர்களை யாரும் கேட்காததும் எனக்கு வருத்தம் தருகிறது.

இதில் மலை கொஞ்சம் கைகொடுக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. கார்புரேட்டர் அந்த உயரத்தில் கலவையைத் தானாகவே ஏறக்குறைய 5 சதவீதம் செறிவாக்கிவிடும். எத்தனால் மெலியச் செய்வதில் பெரும்பகுதி அங்கே ஈடாகிவிடுகிறது. அதே எந்திரத்தைக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓட்டினால் மெலிவு முழுதாகத் தெரியும். மலைக்கென்று முன்பு சிறிய ஜெட் மாட்டியிருந்தால் மெக்கானிக்கிடம் அதைச் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் மழைக்குப் பிந்தைய புகாரின் வேர் தண்ணீரில்தான் இருக்கிறது. எத்தனால் மூலக்கூறின் ஒரு முனை பெட்ரோலோடு சேரும், மறுமுனை தண்ணீரோடு சேரும். டேங்கில் ஒரு துளி தண்ணீர் விழுந்தால் எத்தனால் அதைக் கரைத்துக்கொள்ளும். அது பெட்ரோலோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போய்விடும், கேடில்லை. அளவு மிஞ்சினால் நிலைமை தலைகீழாகிறது. தண்ணீர் எத்தனாலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். 10 சதவீதக் கலவையில் சுமார் 15 டிகிரி வெப்பத்தில் இது அரை சதவீதத் தண்ணீரிலேயே நடக்கும். 20 சதவீதக் கலவை இன்னும் கொஞ்சம் தாங்கும். குளிரக் குளிர இந்தத் தாங்கும் அளவு குறையும். அதனால் பகலில் தெளிவாக இருந்த பெட்ரோல், மலையின் குளிர் இரவில் பிரிந்துவிடலாம்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். நெருப்பில்லாத திறந்த வெளியில், அளவுக்கோடு போட்ட உயரமான கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். கலப்பில்லாத பெட்ரோல் என்றால் தண்ணீர் 10 மில்லியிலேயே நிற்கும். 20 சதவீதக் கலவை என்றால் கீழடுக்கு 25 மில்லியை ஒட்டி உயர்ந்துவிடும்.

கார்புரேட்டருக்குப் போகும் குழாய் டேங்கின் அடியிலிருந்துதான் புறப்படுகிறது. முதலில் போவது அந்தக் கீழடுக்கு. அது எஞ்சினில் சரியாக எரியாது; டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடுவதால் உயவும் கிடைக்காது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தில் தங்கினால் துத்தநாகமும் அலுமினியமும் அரித்து வெள்ளைப் பொடி படியும், ஜெட் அடைபடும். மிஞ்சிய மேலடுக்குக்கும் எத்தனால் போனதால் ஆக்டேன் குறைந்திருக்கும்.

காற்றின் ஈரத்தை மட்டும் உறிஞ்சி இந்த நிலைக்கு வர வெகுநாள் ஆகும். பெரும்பாலும் தண்ணீர் வருவது வெடித்த மூடி வாஷர் வழியாகத்தான், அல்லது பாதி காலியான டேங்கின் உட்சுவரில் இரவுதோறும் வியர்ப்பதால். கோடையில் தண்ணீர் இறைத்துவிட்டு ஜூனில் கொட்டகைக்குள் போகும் பம்பின் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓட்டி அணைத்து வையுங்கள். வடிக்க முடியாவிட்டால் டேங்கை நிரப்பி வைப்பது அடுத்த நல்ல வழி. ஒருமுறை பிரிந்ததைக் குலுக்கினால் கலங்கும், சற்று நேரத்தில் மீண்டும் பிரியும். வடித்தே ஆக வேண்டும். வடித்ததை ஓடையில் கொட்ட வேண்டாம். அப்படியே பெட்ரோல் குழாயையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பியோ பிசுபிசுத்தோ இருந்தால், 20 சதவீதக் கலப்புக்கு ஏற்றது என்று கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள்.