புண்ணில் புழு வைப்பது சாணி ஈ அல்ல

கன்று பிறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. கிட்டே போனதுமே தொப்புளிலிருந்து நாற்றம். டர்பன்டைன் நனைத்த துணியைப் புண்ணுக்குள் வைத்துக் காத்திருந்தால் மூச்சு முட்டிப் புழுக்கள் மேலே வரும். இடுக்கியால் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. "ரெண்டு வேளையும் தொழுவத்தைக் கழுவுறேங்க டாக்டர், எப்படிப் புழு வந்துச்சு?" என்று அந்த அம்மா அழுதார். இந்த மாதம் இது நான்காவது கன்று. கன்றுக்காரர்கள் நால்வரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

ஈ எல்லாம் ஒன்றல்ல அம்மா. தொழுவத்தில் மொய்க்கும் சாம்பல் நிற ஈக்கு முதுகில் நான்கு கருங்கோடுகள் இருக்கும். சாணியிலும் குப்பையிலும்தான் முட்டையிடும். அதற்குக் கடிக்க வாயில்லை, நக்கித்தான் குடிக்கும். நோய் பரப்பும் என்பதால் சாணியை அள்ளத்தான் வேண்டும். ஆனால் சாணியை அள்ளிவிட்டால் புண்ணில் புழு வராது என்று நம்பாதீர்கள்.

சதையைத் துளைக்கும் புழுவின் தாய் வேறு. நீலமும் பச்சையுமாக மினுக்கும் அந்த ஈயைக் கிரைசோமையா பெசியானா என்போம். சாணியில் முட்டையிடாது, செத்த மாட்டிலும் இடாது. அதன் புழு வளர உயிருள்ள சதை வேண்டும். உங்கள் கண்ணில் அது படாமலே போகலாம். புண்ணின் விளிம்பில் ஒரே தடவையில் 150, 200 முட்டை வைத்துவிட்டுப் பறந்துவிடும். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். புழு தலையைச் சதைக்குள் புதைத்து வாலால் மூச்சுவிடும். நீங்கள் பார்ப்பது வால் நுனியை மட்டும்தான். உண்ணி கடித்த தடம்கூட அந்த ஈக்குப் போதும். கழுவிய தொழுவமா, கழுவாத தொழுவமா என்று அது பார்ப்பதில்லை.

கன்று பிறந்ததும் தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் வையுங்கள். காய்ந்து விழும்வரை தினமும் குனிந்து பாருங்கள். மூக்கு குத்தினாலும் கொம்பு சுட்டாலும் அன்றே மருந்து.

புழு வந்துவிட்டதா? பெட்ரோல், ஃபினாயில், பயிர் மருந்து எதையும் ஊற்றாதீர்கள். விஷம் ஏறிச் செத்த கன்றுகளைப் பார்த்த வேதனையில் சொல்கிறேன். சீத்தா இலையை அரைத்தோ, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்தோ முதல் நாள் மட்டும் போடுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ஐக் கூப்பிடுங்கள்.

எடுத்த புழுவைத் தரையில் வீச வேண்டாம், தயவுசெய்து. மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். கொதிநீரில் போடுங்கள்.