வீட்டுக் கைத்தொழில் தொழிற்கூடமாக வளர: பெண்களுக்கு 35 சதவீத மானியம், எதை முதலில் வாங்கக் கூடாது?

வீட்டு வராந்தாவில் தையல் மெஷின் போட்டு சணல் பை தைக்கிறீர்கள். ஆர்டர் பெருகிவிட்டது. இனி தனி ஷெட் வேண்டும், பவர் மெஷின் வேண்டும், ஆறேழு பேர் வேண்டும். இந்தக் கட்டத்தில் பெண்களுக்கு அதிகம் கைகொடுப்பது பி.எம்.இ.ஜி.பி. எனப்படும் பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். காதி கிராமத் தொழில் ஆணையம் 2008 முதல் இதை நடத்துகிறது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்ட மதிப்புக்கு மானியம் உண்டு. 18 வயது நிறைந்திருந்தால் போதும், வருமான வரம்பு இல்லை. திட்டம் 10 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்.

ஆனால் இந்த மானியம் புதிய யூனிட்டுக்கு மட்டும்தான். வேறு எந்த அரசுத் திட்டத்திலாவது மானியம் பெற்ற யூனிட்டுக்குக் கிடைக்காது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடன், அதில் அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம், கருவி வாங்கி வீட்டிலேயே தொழிலைத் தொடர நினைப்பவர்களுக்கு அதுவே போதும். ஆனால் ஓரிரு வருடத்தில் ஷெட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்த 50,000 ரூபாய் பின்னால் பல லட்சத்துக்குத் தடையாக நிற்கும். கையெழுத்துப் போடும் முன் இதைக் கணக்குப் பார்த்துவிடுங்கள். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் பி.எம்.இ.ஜி.பி. கிடைக்கும் என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

அதேபோல, கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் மெஷினுக்கு முன்பணம் கட்டாதீர்கள். முன்னாலேயே வாங்கியது திட்டச் செலவில் சேராது. விலைப்புள்ளி வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி பணக்கணக்கு. பெண்கள் சாதி வேறுபாடின்றி சிறப்புப் பிரிவில் வருவதால் சொந்தப் பங்கு 5 சதவீதம்தான். இதற்குச் சாதிச் சான்றிதழ் தேவையில்லை. மானியம் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25. எது கிராமம் என்பது யூனிட் இருக்கும் இடத்தைப் பொறுத்தது, உங்கள் வீட்டு முகவரியை அல்ல. 20 லட்சம் ரூபாய் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போடுவது 1 லட்சம், வங்கி தருவது 19 லட்சம். ஷெட் ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் மானியம் 7 லட்சம், நகராட்சிக்குள் இருந்தால் 5 லட்சம். எல்லைக்கோடு ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் என்றால் வாடகை பேசும் முன்பே இந்த 2 லட்சத்தை யோசியுங்கள்.

மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் உங்கள் பெயரில் 3 வருட வைப்பாகப் பூட்டி வைக்கப்படும். அதற்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் தொகைக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. மேலே சொன்ன கிராமப்புறக் கணக்கில் 12 லட்சத்துக்குத்தான் வட்டி ஓட வேண்டும். மானியம் வரவான பிறகு 19 லட்சத்துக்கே வட்டி பிடிக்கிறார்களா என்று கடன் கணக்கு விவரத்தை வாங்கிப் பாருங்கள். 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது.

திட்ட அறிக்கையில் நில விலையைச் சேர்க்க முடியாது. கட்டிய ஷெட்டின் விலையையோ, அதிகபட்சம் 3 வருட வாடகையையோ சேர்க்கலாம். மூலப்பொருள், கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனத்தை மட்டும் கூட்டிப் போட்டுவிடாதீர்கள். 20 லட்சத்தில் மெஷினுக்கும் ஷெட்டுக்கும் 14, நடைமுறை மூலதனம் 6 என்று எழுதினால், அந்த 6 லட்சம் கேஷ் கிரெடிட்டை (தேவைக்கு எடுத்து, திரும்பக் கட்டும் கடன் வரம்பை) 3 வருடத்துக்குள் ஒரு தடவையாவது முழுக்க எடுத்திருக்க வேண்டும். பயன்பாடு 75 சதவீதத்துக்கு, அதாவது 4.5 லட்சத்துக்கு, குறையக் கூடாது. குறைந்தால் அந்த விகிதத்துக்கு மானியம் திரும்பப் போய்விடும். தாம்பூலப் பை ஆர்டரை நம்பி இருப்பவர்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும் கணக்கு அசையாமல் கிடக்கும். ஆகவே முகூர்த்த மாதத் தேவையை வைத்துப் போடாமல், வருடம் முழுக்கச் சுழலும் தொகையைப் போடுங்கள்.

விண்ணப்பம் இணையத்தில்தான். ஆதார், புகைப்படம், கல்விச் சான்று, திட்ட அறிக்கை, கிராமப்புறச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்றி, செயல்படுத்தும் அமைப்பாக மாவட்டத் தொழில் மையத்தையோ, காதி ஆணையத்தையோ, காதி வாரியத்தையோ தேர்ந்தெடுக்கலாம். கயிறு சார்ந்த தொழிலுக்குக் கயிறு வாரியமும் உண்டு. கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை, இடைத்தரகரும் தேவையில்லை. ‘மானியம் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடு’ என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பம் வங்கிக்குப் போய், கடன் அனுமதியாகி, தொழில்முனைவோர் பயிற்சி முடிந்து, முதல் தவணை வெளியான பிறகுதான் வங்கி மானியத்தைக் கோரும். பயிற்சி 5 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 5 நாள், அதற்கு மேல் 10 நாள். 2 லட்சம் வரை கட்டாயமில்லை. பயிற்சியைத் தள்ளிப் போட்டால் மானியமும் தள்ளிப் போகும். இந்தத் திட்டத்துக்கு 2022-ல் தந்த ஒப்புதல் 2025-26 நிதியாண்டு வரைக்கும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷெட்டுக்குப் போனதும் வீட்டு மின் இணைப்பை நீட்டி மெஷின் ஓட்டாதீர்கள். தொழிலுக்கென்று தனி இணைப்பு வாங்குங்கள். ஆட்கள் 10 பேரானால் இ.எஸ்.ஐ., 20 பேரானால் பி.எஃப். இந்தச் செலவையும் திட்ட அறிக்கையின் மாதச் செலவில் முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.

மூன்று வருடம் முடிந்ததும் யூனிட்டை நேரில் வந்து பார்ப்பார்கள். பி.எம்.இ.ஜி.பி. பெயர்ப் பலகை, ஓடும் மெஷின், சம்பளப் பதிவேடு எல்லாம் இருக்க வேண்டும். அதன் பிறகே வைப்பிலுள்ள மானியம் கடனில் கழியும். அதற்குப் பின், முதல் கடனைத் தவணை தவறாமல் அடைத்து, மூன்று வருடம் லாபமும் காட்டியிருந்தால், விரிவாக்கத்துக்கு 1 கோடி வரையிலான திட்டத்துக்கு 15 சதவீத மானியத்தோடு இரண்டாவது கடன் கேட்கலாம். முத்ரா கடனில் தொடங்கிய யூனிட்டுகளும் இந்த இரண்டாவது கடனுக்கு வரலாம். இதில் சொந்தப் பங்கு 10 சதவீதம். லாபத்தைக் காகிதத்தில்தான் காட்ட வேண்டும் என்பதால், முதல் வருடத்திலிருந்தே விற்பனைப் பணத்தை யூனிட் கணக்கு வழியாகவே வாங்கி, வருமான வரிக் கணக்கையும் தாக்கல் செய்துவாருங்கள்.