மெதுவா போற வண்டில்லா, என்ன ஆவும்?

"மெதுவா போற வண்டில்லா டாக்டர், அதுல என்ன ஆவும்னு நெனச்சோம்."

காசி, மதுரா, பிருந்தாவனம் என்று போய், அங்கே சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து விழுந்துவிட்டு, கையில் மாவுக்கட்டோடு நாகர்கோவிலில் எலும்பு முறிவு மருத்துவரான என் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான். இந்த வாரமும் கேட்டாயிற்று. 2023 டிசம்பரில் கன்னியாகுமரியிலிருந்து பனாரஸுக்கு நேர் ரயில் விட்ட பிறகு, காசிக்குப் போவது நம் மாவட்டத்தில் எளிதாகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் போகிறவர்களில் நிறையப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி இறங்கும் பழக்கம் விட்டுப்போய்ப் பல வருடம் ஆனவர்கள். கூட வரும் பிள்ளைகளுக்கோ அந்த வண்டியைத் தொட்டே பழக்கமில்லை.

முதலில் இந்த 'மெதுவா போற வண்டி' கணக்கைத் தீர்த்துவிடுவோம். சைக்கிள் ரிக்‌ஷா மணிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகும், சரி. உங்கள் எலும்பை முறிப்பது அந்த வேகம் இல்லை, உயரம். பின் சக்கரத்தின் விட்டமே இரண்டேகால் அடிக்கு மேல். இருக்கை அதற்கும் மேலே, தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடியில் இருக்கிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் தலை இருப்பது இன்னும் உயரத்தில். அது நேராகத் தரைக்கு வந்தால் இருபதைத் தாண்டும். அதாவது ரிக்‌ஷா ஓடுவதைவிட வேகமாக நீங்கள் விழுகிறீர்கள். வண்டி ஓட வேண்டும் என்றுகூட இல்லை, நின்றுகொண்டிருந்தாலும் இதே கணக்குதான்.

வீட்டு மதில்மேல், பிடிக்க ஒன்றும் இல்லாமல், பாட்டியைத் தூக்கி உட்காரவைப்பீர்களா? ரிக்‌ஷா இருக்கை ஓடும் மதில். பெல்ட் கிடையாது, கதவு கிடையாது, முன்னால் தடுப்பும் கிடையாது.

இன்னொன்று, உங்கள் வண்டி மெதுவாகப் போவதால் தெருவில் மற்ற வண்டிகளும் மெதுவாகப் போகப்போவதில்லை. பின்னால் வரும் பைக் நாற்பதில் வரும். ரிக்‌ஷாவின் பின்புறம் பெரும்பாலும் விளக்கு இருக்காது, சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தால் அதிர்ஷ்டம். டிசம்பர், ஜனவரியில் காசியில் இறங்கும் மூடுபனி மார்கழியில் நாம் பேச்சிப்பாறைப் பக்கம் பார்க்கிற பனி போன்றதில்லை. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத நாட்களும் உண்டு. விடியற்காலை மூன்று மணி மங்கள ஆரத்திக்கு அந்தப் பனியில் ரிக்‌ஷாவில் போகாதீர்கள். முந்தின நாளே கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வெறும் வண்டியே எண்பது கிலோவுக்குப் பக்கம் வரும். அதன்மேல் நன்றாக வளர்ந்த இரண்டு பேர், ஒரு பெட்டி, மிதிக்கிறவர். முந்நூறு கிலோவுக்கு வந்துவிட்டது. இதை நிறுத்துவதற்குப் பழைய மாதிரி வண்டிகளில் இருப்பது முன்சக்கரத்தில் ஒரே ஒரு பிரேக், நம் பழைய சைக்கிளில் இருந்த அதே ரப்பர் கட்டை. எடை பின்னால், பிரேக் முன்னால். மேட்டில் இருந்து இறங்கும்போது, மழையில் ரிம் நனைந்திருக்கும்போது, அது பிடிக்கும் என்று நம்பாதீர்கள். ஏறும் முன் ஒரு சோதனை போதும்: ஓட்டுநரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி, பின்னாலிருந்து ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். வண்டி உருண்டால் அடுத்த வண்டியைப் பாருங்கள். இருக்கைப் பலகை சட்டத்தோடு இறுகி இருக்கிறதா, சும்மா மேலே வைத்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். காலை ஊன்றும் பலகை உளுத்திருக்கிறதா, டயரில் நூல் வெளியே தெரிகிறதா, இவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகாது.

ஏறுவதும் இறங்குவதும்தான் பெரிய கண்டம். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, அல்லது ஹேண்டிலைப் பிடித்து நின்று, பிரேக்கை அழுத்தியிருக்கும்போது மட்டும் ஏறுங்கள். அவர் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஏறி உட்காராதீர்கள். சரிவில் நிற்கும் வண்டியில் எடை பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் தூக்கிவிடும், மல்லாக்க விழுவீர்கள். இடதுபக்கம், தெருவோரமாக மட்டும் ஏறி இறங்க வேண்டும். வலதுபக்கம் ஓடும் வண்டிகளின் பக்கம்.

பிடிமானத்துக்கு மேற்கூடாரத்தைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். அது மடங்கும் கூடாரம். குடைக்கம்பி போல இரண்டு மூன்று பட்டைகள் ஒரே ஆணியில் கோத்திருக்கும். உங்கள் எடை விழுந்ததும் அந்தப் பட்டைகள் கத்தரிக்கோல் போல மூடும், நடுவில் உங்கள் விரல். நகத்தோடு நுனி நசுங்கி வருகிறவர்களுக்கு 'எப்படி ஆச்சு' என்பதே தெரிவதில்லை, இப்படித்தான் ஆகிறது. இருக்கையின் பக்கவாட்டில் இருக்கும் இரும்புக் கைப்பிடியைப் பிடியுங்கள். பலகையின் நடுவில் கால் வையுங்கள், ஓரத்தில் வேண்டாம்.

இறங்கும்போது நம்மூர்ப் பெரியவர்கள் செய்வது ஒன்று: முன்னோக்கிக் குதிப்பது. சேலையின் முன்கொசுவம் பலகையில் மாட்டும், கை முன்னால் நீளும், மணிக்கட்டு போகும். பக்கவாட்டில் எடுக்கிற எக்ஸ்ரேயில் அந்த மணிக்கட்டு, கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி வளைந்து தெரியும். ஏணியில் இறங்குவது எப்படி? முகம் ஏணியைப் பார்த்துத்தானே? அதேபோல இருக்கையைப் பார்த்துத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக இறக்குங்கள். கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடியுங்கள். கூட வந்தவர் ஒருவர் கீழே நிற்கட்டும். ஓட்டுநர் அவசரப்படுத்தினால் அவசரப்படுத்தட்டும்.

உட்கார்ந்த பிறகு இரண்டு பாதமும் பலகையில் ஊன்றியிருக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும். இருக்கை ரெக்ஸின், கட்டியிருப்பது பட்டுச் சேலை அல்லது வழவழப்பான பாலியஸ்டர். பிரேக் போட்டால் வழுக்கி முன்னால்தான் வருவீர்கள். பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டால் பாதத்தை ஊன்ற இடம் ஏது? இரண்டு பேருக்கான இருக்கையில் மூன்றாவது ஆளாகச் சாய்மானத்தின் மேல் ஏறி உட்கார்வது, எழுந்து நின்று வீடியோ எடுப்பது இதெல்லாம் வேண்டாம். மூன்று சக்கர வண்டி திருப்பத்தில் வெளிப்பக்கமாகக் கவிழும். அப்போது சாய வேண்டியது திருப்பத்தின் உள்பக்கம். படம் எடுக்க வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கிறவர் வண்டியையும் சேர்த்து இழுத்துவிடுகிறார்.

இனி சால்வை. குமரியில் நமக்குக் கம்பளிக்கு வேலையே இல்லை. அதனால்தான் அங்கே போனதும் ஒரு சால்வை வாங்கி, போர்த்தத் தெரியாமல், கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மிச்சத்தைத் தொங்க விடுகிறோம். துப்பட்டாவும் முந்தானையும் அப்படித்தான். இருக்கைக்குப் பக்கத்திலேயே சக்கரம், பல ரிக்‌ஷாக்களில் மட்கார்டு ஆரக்கம்பியை மூடாது. தொங்கும் முனை கம்பிக்குள் போனால், அது அச்சைச் சுற்றத் தொடங்கும். பத்து கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் சுற்றுகிறது. தொங்கும் துணி சில சுற்றுகளில் தீர்ந்துவிடும், அப்புறம் இறுகுவது கழுத்து. மிதிக்கிறவருக்கு எதுவும் தெரியாது, சற்றுக் கனக்கிறது என்று இன்னும் அழுத்தி மிதிப்பார். குரல்வளை நசுங்குவதும் கழுத்தெலும்பு நகர்வதும் இப்படித்தான். கை கூப்பிக் கேட்கிறேன், கழுத்தில் எதையும் சுற்றாதீர்கள். சால்வையின் இரண்டு முனையையும் தொடைக்கு அடியில் செருகி அதன்மேல் உட்காருங்கள். குளிருக்கு ஸ்வெட்டர் போதும்.

மாட்டிக்கொண்டால் கத்த வேண்டிய சொல் 'ரோக்கோ'. நிறுத்து என்று பொருள். 'தீரே' என்றால் மெதுவாக. குழுவில் எல்லாருக்கும் இந்த இரண்டு சொல்லையும் ரயிலிலேயே சொல்லிக்கொடுங்கள். வண்டி நின்றதும் துணியைப் பிடித்து இழுக்கக் கூடாது. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள், அல்லது கழுத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வெட்டுங்கள். பிறகு கழுத்தை அசைக்காமல் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குரல் கரகரத்தால், எச்சில் விழுங்க வலித்தால், வெளியில் காயமே இல்லாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது.

குழந்தையின் காலும் அதே சக்கரத்தில்தான் போகிறது. மடியில் பக்கவாட்டாக உட்காரவைத்தால் குதிகால் கம்பிக்குள் நுழைந்துவிடும். இந்தக் காயம் ஏமாற்றும். முதல் நாள் சிராய்ப்பு மாதிரிதான் இருக்கும், நாலைந்து நாளில் நசுங்கிய தோல் கறுத்துச் செத்துப்போகும். 'மஞ்சள் போட்டோம், ஆறிரும்னு பார்த்தோம்' என்று ஒரு வாரம் கழித்து வராதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, தொங்கும் தோலை வெட்டாமல் மூடி, அன்றைக்கே எக்ஸ்ரேயும் டெட்டனஸ் ஊசியும். குழந்தை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில், கால் முன்னால் நீட்டி உட்காரட்டும். காலில் செருப்புக்குப் பதில் ஷூ.

கைப்பையின் வாரைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்டாதீர்கள். பைக்கில் வந்து பறிக்கிறவன் பையோடு உங்களையும் இழுத்துக் கீழே போடுவான். இரண்டு பேருக்கும் நடுவில் வையுங்கள், பறித்தால் விட்டுவிடுங்கள். வாடகையை ஏறும் முன்பே, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசி முடியுங்கள். 'சீக்கிரம் போ, ஆரத்திக்கு நேரமாச்சு' என்று அந்த மனிதரை விரட்டாதீர்கள். பாலத்தின் ஏற்றத்திலும் இறக்கத்திலும், முடிந்தவர்கள் இறங்கி நடந்தால் அவருக்கும் மூச்சு வரும், உங்களுக்கும் ஆபத்து குறையும்.

முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், ஏற்கெனவே ஒரு தடவை இடுப்போ மணிக்கட்டோ முறிந்தவர்கள் சைக்கிள் ரிக்‌ஷாவே வேண்டாம். இ-ரிக்‌ஷாவில் படி தாழ்வு. ஆனால் விதிப்படி அதில் ஓட்டுநரைத் தவிர நான்கு பேரும் 40 கிலோ சாமானும்தான், வேகம் 25 கிலோமீட்டருக்குள். ஆறாவது ஆளாகத் தொற்றிக்கொண்டால் அது சைக்கிள் ரிக்‌ஷாவைவிட மோசம். பழைய சைக்கிள் ரிக்‌ஷாவிலேயே மோட்டாரை மாட்டி ஓட்டுவதும் உண்டு. வேகம் கூடியிருக்கும், பிரேக் பழையதுதான். அதில் ஏறாதீர்கள். மலேசியாவில் பினாங்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: அங்கே பயணி உட்காருவது முன்னால், மிதிக்கிறவர் பின்னால். எதிரில் எது மோதினாலும் முதலில் உங்கள் முழங்கால்தான், காலை வெளியே நீட்டாதீர்கள்.

நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகும் டூர் ஏற்பாட்டாளர்களே, கங்கை ஆரத்தி முடிந்ததும் கும்பலும் இருட்டுமாக இருக்கும் நேரத்தில், காசியின் கோதோலியா சந்திப்பில் இருபது ரிக்‌ஷாக்களில் ஆளுக்கொரு பக்கம் ஏற்றி அனுப்பாதீர்கள். அரை மணி நேரம் படித்துறையிலேயே உட்கார்ந்திருங்கள், கூட்டம் கலையட்டும். ஒவ்வொருவர் பையிலும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதின ஒரு சீட்டு இருக்கட்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் சின்னதாக இடித்துக்கொண்டாலும் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அங்கே உள்ள மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

விழுந்துவிட்டால்: ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் இடுப்பு முறிந்திருக்கிறது. தூக்கி நிறுத்தாதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். கை என்றால் முதல் வேலை வளையலையும் மோதிரத்தையும் கழற்றுவது. தாமதித்தால் வீக்கத்தில் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும், தங்கம் என்று தயங்க வேண்டாம். செய்தித்தாளைக் கெட்டியாக மடித்து முன்னங்கையின் கீழ் வைத்துக் கட்டி, துண்டால் கழுத்தில் தொங்கவிடுங்கள்.

கடைசியாக, எல்லாரும் கோட்டை விடும் இடம் திரும்பி வரும் ரயில். புதிதாக முறிந்த கை இரண்டு மூன்று நாள் வீங்கிக்கொண்டே இருக்கும். அதில் முழு மாவுக்கட்டு போட்டு, இரண்டு நாளுக்கும் மேல் ரயிலில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால், கட்டு இறுகி ரத்த ஓட்டமே நின்றுவிடலாம். அங்கேயே மருத்துவரிடம், கையை முழுக்கச் சுற்றி மூடாத அரைக்கட்டு கேளுங்கள். கீழ் பெர்த்தில் படுத்து, இரண்டு தலையணைமேல் கையை நெஞ்சுக்கு மேலாக வையுங்கள், விரல்களை மணிக்கொரு தரம் மடக்கி நீட்டுங்கள். விரல் மரத்தாலோ, நீலமாகிக் குளிர்ந்தாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, நாகர்கோவில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரயில்வே உதவி எண் 139க்கு அழைத்து, அடுத்து வரும் பெரிய ஸ்டேஷனிலேயே மருத்துவரை வரச் சொல்லுங்கள், கட்டை உடனே பிரிக்கச் சொல்லுங்கள். ஊர் வந்ததும் எலும்புக்குக் கட்டுப் போடும் நாட்டு வைத்தியரான ஆசானிடம் போக வேண்டும் என்று இருப்பவர்கள், எக்ஸ்ரேயை எடுத்து எங்களிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள். எலும்பு மூட்டுக்குள் உடைந்திருக்கிறதா இல்லையா என்பது தடவிப் பார்த்துத் தெரியாது.