கோடையில் இரவு வண்டி ஓட்டுபவர்களுக்கு, பக்கியைப் பற்றி

கிராமத்துச் சாலைகளில் இரவில் போய் வருகிறவர்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் தார்மேல் சிவப்பாக ஒரு புள்ளி மின்னும். கல்லோ சாணியோ என்று நினைத்துக் கிட்டே போனால் படக்கென்று எழுந்து பறந்துவிடும். அதுதான் பக்கி என்கிற இரவுப் பறவை, மின்னியது அதன் கண். நம் ஊர்ச் சமவெளியில் அதிகம் தென்படுவது சின்னப் பக்கி. மைனா அளவுதான் இருக்கும். கோடை மாதங்களில் புதர்க்காடுகளிலும் மேய்ச்சல் தரைகளிலும் இவற்றைக் கணக்கெடுப்பது என் வேலை.

கணக்கெடுப்பு என்றால் கண்ணுக்கு வேலை குறைவு, காதுக்குத்தான் அதிகம். மாசிக் கடைசியில் ஆண்கள் கூப்பிட ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரையில் உச்சம். கோலிக்குண்டு சிமெண்ட் தரையில் விழுந்து, துள்ளல் குறுகிக் குறுகி அடங்குமே, சின்னப் பக்கியின் குரல் அச்சு அசல் அதேதான். பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியதும் குறித்து வைத்த பாதையில் போவோம். சமமான இடைவெளிகளில் வண்டியை அணைத்துவிட்டுச் சில நிமிடம் காது கொடுத்து நிற்போம். எந்தத் திசை, எத்தனை குரல் என்று எழுதிக்கொள்வோம். நிலா வெளிச்சத்தில் பக்கிகள் கூடுதல் சுறுசுறுப்பாக இரை தேடும், கூப்பிடவும் செய்யும் என்பதால் பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத்தான் தேர்ந்தெடுப்போம். காற்று பலமாக அடித்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள், காலில் முழங்கால்வரை பூட்ஸ். சுருட்டைவிரியன் இருக்கிற நிலம் அது. அப்புறம் வனத்துறை அனுமதிக் கடிதம். "நடுராத்திரியில இங்க என்ன சார் பண்றீங்க?" என்று கேட்காத ஊரே கிடையாது. கேட்பதும் நியாயம்தான், ஆடு திருடுகிறவனும் அதே நேரத்தில்தானே வருவான்!

சரி, இது ஏன் சாலையில் வந்து உட்கார்கிறது? பக்கி பறந்துகொண்டே பூச்சி பிடிக்கிற பறவை. அலகு இத்தனூண்டு. ஆனால் வாயைத் திறந்தால் கண்ணுக்குக் கீழே வரை பிளக்கும். ஓரங்களில் மீசை மாதிரி விறைப்பான முடிகள். தரையில் உட்கார்ந்து மேலே பார்த்தால் வானத்தின் மங்கிய வெளிச்சத்தில் விட்டிலும் வண்டும் கருப்பாகத் தெரியும். எழும்பிப் பிடித்துவிட்டுத் திரும்ப வந்து அமரும். அதற்குச் செடி மறைக்காத வெட்டவெளி வேண்டும். நாம் போட்டு வைத்திருக்கிற சாலை அதற்குக் கச்சிதமாக இருக்கிறது.

சிக்கல் அங்கேதான். ஆபத்து வந்தால் ஓடுவது பக்கியின் முதல் பழக்கமல்ல, அசையாமல் பதுங்குவதுதான். மண்ணும் சருகும் கலந்த நிறம் அதைக் காப்பாற்றும். நரியிடம் இது பலிக்கும், காரிடம் பலிக்காது. கடைசி நொடியில் எழும்பி நேராக பம்பரில் மோதும். காலையில் அதே பாதையில் திரும்பும்போது தாரோடு ஒட்டிக் கிடக்கும் இறக்கைகளைப் பொறுக்குவதும் எங்கள் வேலையில் சேர்த்தி. சிவப்புப் புள்ளி மின்னினால் ஹை பீமை இறக்கி, வேகத்தைக் குறையுங்கள். பெரும்பாலும் அதுவே எழுந்து ஓரமாகப் போய்விடும்.

இன்னொரு ஆபத்து பகலில். பக்கி கூடு கட்டாது. வெறும் சரளைத் தரையில் இரண்டு முட்டை, இளஞ்சிவப்பில் பழுப்புத் திட்டுகளோடு. அடைகாக்கும் பறவை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இரண்டடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. கோடையில் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைப்பதும், 'சும்மா கிடக்கிற தரிசுதானே' என்று மரம் நட ஜேசிபியை இறக்குவதும் இதே மாதங்களில்தான். மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் முள்ளும் சரளையுமாக இருக்கிற நிலம் எல்லாம் அழிந்துபோன காடு என்ற நினைப்பு தப்பு. அது அப்படியே இருப்பதுதான் அதன் இயல்பு. நடத்தான் வேண்டும் என்றால் மழைக்காலம் வரை பொறுங்கள்.

காலடியிலிருந்து ஒரு பக்கி எழுந்து, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் புரண்டு தத்தளித்தால் அது நடிப்பு. முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது, உங்களைத் திசைதிருப்பப் பார்க்கிறது. வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். முட்டையை எடுப்பது, இடம் மாற்றுவது எதுவும் வேண்டாம். 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதுவும் குற்றம். படம் எடுக்கிற நண்பர்களுக்கும் சொல்கிறேன்: செல்போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் வேறு ஆண் நுழைந்துவிட்டது என்று நம்பி, இரை தேட வேண்டிய நேரத்தில் அது சண்டைக்கு அலையும்.

உண்மையிலேயே அடிபட்ட பக்கி கிடைத்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, இருட்டான இடத்தில் வையுங்கள். அரிசி, சோறு, பால் எதுவும் கொடுக்காதீர்கள். இது தானியம் கொத்துகிற பறவையே இல்லை. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். எந்தச் சாலையில், எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டிக் கொடுத்தால், குணமானதும் அதே இடத்தில் விடுவதற்கு உதவும்.